கசத்தில் மிதந்த கொண்டை

1

என் மகனுடைய படப் புத்தகத்தில், தென்காசிக் கோயில் சிலைகளுக்கு நடுவே ஒரு பக்கத்தில் நானும் நிற்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் அதைப் பார்த்தேன். அன்று முதல் எனக்கு வேலை ஓடவில்லை. சரக்குப் பட்டியலில் ஒரே வரியை இரண்டு முறை எழுதிவிட்டேன். இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் முதல் தடவையாகத் துரையின் மேஜையிலிருந்து என் தாள் திரும்பி வந்தது.

பினாங்கில் இருக்கும் நம் பக்கத்து ஆட்கள் சேர்ந்து வைத்திருக்கிற சங்கத்தில் வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி ஒரு நாடகம் போடுவோம். இந்த முறை பாண்டிய ராஜா வேஷம் என் மூத்த மகன் குமாரவேலுக்கு. வயது பதினெட்டு. ராஜாவின் இடைக்கச்சையைத் தைக்கிற சீனத் தையற்காரருக்குக் காட்ட ஒரு படம் வேண்டும், புத்தகம் அலமாரியில் இருக்கிறது, எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவன் பந்தாடப் போய்விட்டான். நான் புரட்டினேன். கல் தூண், கல் கொண்டை, கல் காதணி என்று போய்க்கொண்டிருந்த பக்கங்களுக்கு நடுவில், பாறை மேல் ஒரு மனிதன். இரண்டு கையும் கோட்டுப் பொத்தானில். மற்றப் படங்களுக்கு எழுதுவது போலவே கீழே இங்கிலீஷில் குறிப்பு எழுதியிருக்கிறான். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"வெள்ளை டிரில் கோட்டு. ஐந்து பொத்தான். நான்கு கழன்றவை. கைக்கடிகாரம் தொப்பிக்குள். ஐந்தருவிக்குக் கீழே."

ஐந்தருவிக் கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். நம் ஊரான மேலகரத்தில் கல்யாண வீட்டுப் பந்திக்குப் பந்தி அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று அக்கா எழுதுகிறாள். சிரிக்க வேண்டிய கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு பொத்தான் அளவு விட்டுப்போயிருக்கிறது. அந்த இடத்தை என் மகன் மேலே நின்று பார்த்திருக்கிறான் என்பது எனக்கு இந்த ஒரு வருஷமும் தெரியாது. பார்த்து என்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தான் என்பது இதை எழுதத் தொடங்கும்போதும் தெரியாது.

கதையைக் கேட்காதவர்களுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன்.

2

எல்லாம் ஒரு டோப்பாவில், ஒரு பொய்முடியில் ஆரம்பித்தது. நாலு வருஷத்துக்கு முன் சங்க நாடகத்தில் ராஜாவுக்குத் தலைமுடி வேண்டியிருந்தது. ஊரென்றால் ஏதாவது நாடகக் கம்பெனியின் வேஷப்பெட்டியில் இரவல் கேட்கலாம். இங்கே யாரைக் கேட்பது? சீன நாடகக் கொட்டகைக்குப் பொய்முடி செய்கிற கடையொன்று கடற்கரைப் பக்கம் இருந்தது. நல்ல நீளமான கறுப்பு முடி, வாங்கி வந்துவிட்டோம். அது சீன அரண்மனைப் பெண்ணுக்கு உரிய முடி என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாண்டியன் சிம்மாசனத்தில் வந்து உட்கார்ந்ததும், பின்வரிசையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சீனர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த கடையநல்லூர் ராவுத்தர் ஒருவர் விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டு, "ஏ, ராஜாவைப் பொண்ணு பாக்க எப்பம்டே வாராவ?" என்று உரக்கக் கேட்டார். அதற்கு மேல் அந்த நாடகம் சோகமாக நடக்கவில்லை.

அந்த மேடையில் குமாரவேல் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு ராஜாவுக்குப் பின்னால் நின்றான். மற்றப் பையன்கள் சிரித்தபோது அவனுக்குக் கோபம் வந்திருக்கிறது. மறுநாள் தன் பள்ளிக்கூடத்து நூல்நிலையத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜையில் போட்டான். இங்கிலீஷ் ராஜாக்கள் எந்த வருஷம் எந்தக் கழுத்துப்பட்டி போட்டார்கள், எந்த ராஜா காலத்தில் பொய்முடி தோள் வரை வந்தது, எப்போது அதற்கு மாவு பூசினார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் படம்.

"நம்ம ராஜாக்களுக்கு இந்த மாதிரிப் புக்கு இருக்காப்பா?"

"புத்தகம் இல்லை. கல்லில் இருக்கிறது."

"தென்காசிக் கோயில்ல ராஜா சிலை இருக்குன்னு சொன்னீங்களே. அவர் கொண்டை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கும்?"

ஆறு வருஷம் அந்தக் கோயில் வழியாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்தத் தூணில் முதுகைச் சாய்த்துப் பொரிகடலை தின்றிருக்கிறேன். கொண்டை எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. இடது என்றேன். மறுநாள் காலையில் யோசித்து, இல்லை வலது என்றேன். அவன் இரண்டையும் எழுதிவைத்துக்கொண்டான். வீட்டில் பெரும்பாலும் இங்கிலீஷ்தான் அவன் வாயில் வரும்; தமிழ் அதிகமும் அம்மாவிடம்தான். என் ஊரைப் பற்றி அவனாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதற்கு நான் இரண்டு பதில் சொல்லியிருந்தேன்.

அக்கா வீட்டுக்காரருக்குக் கடிதம் போட்டேன். அத்தான் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. "மேற்படி சிலையை நேரில் பார்வையிட்டேன். கொண்டை இருக்கிறது. இங்கு யாவரும் க்ஷேமம். மழை இல்லை." அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. சிலைக்காக என்று சொன்னால் துரை லீவு கொடுப்பாரா? குடும்ப விவகாரம் என்று எழுதினேன். மூன்று வருஷம் தள்ளித் தள்ளிப் போய், போன வருஷம் சாரல் காலத்தில் லீவு கிடைத்தது. மனைவியும் சிறியவர்களும் இங்கேயே இருக்க, நானும் குமாரவேலும் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினோம்.

3

தென்காசி ஸ்டேஷனில் அத்தான் வில்வண்டியோடு நின்றார். ஐம்பத்தெட்டு வயது, முன்னால் ஒரு தொந்தி, அதற்குக் கொஞ்சமும் அடங்காத மீசை.

"என்ன மாப்ளே, கோட்டும் தொப்பியுமா வந்து எறங்குதீரு? நான் கலெக்டர்னு நெனச்சு சல்யூட் அடிச்சிருப்பேன், நல்லவேளை மூக்கைப் பாத்தேன்."

அந்த டிரில் கோட்டை நான் ஏன் கழற்றவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். பினாங்கில் அது வெறும் அலுவலக உடை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கழற்றிவிடுவேன். ஊரில் வந்து இறங்கிய பிறகு அதைக் கழற்றினால் நான் பழைய ஆளாகிவிடுவேன் என்ற பயமோ என்னவோ. சாரலில் நனைந்து நனைந்து அது உடம்போடு ஒட்டிக்கொண்டது.

மறுநாள் கோயிலுக்குப் போனோம். பிளந்து நிற்கிற கோபுரத்துக்கு அடியில் குமாரவேல் நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே நடந்தான். ரதி சிலை முன்னால் ஒரு மணி நேரம். வளைகளைக் கீழிருந்து மேலாக எண்ணி எழுதினான். அப்புறம் தூணில் கைகூப்பி நிற்கிற அந்த ராஜா. கொண்டையின் உயரத்தை நூல் பிடித்து அளந்தான். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. அத்தான் கையை விரித்துக் காவல் நின்றார்.

"தள்ளி நில்லுங்கலே. ராஜாவுக்கு அளவெடுக்கான்."

"சட்டை தைக்கவா அண்ணாச்சி?"

"கிராப்பு வெட்ட! போலே அங்கன!"

குமாரவேல் திரும்பி என்னைப் பார்த்தான். "அப்பா, சிலைக்கு அது இடது. எதிரே நிக்கற நமக்கு வலது. ரெண்டு நாளும் நீங்க சொன்னது சரிதான்." அன்று நான் அடைந்த சந்தோஷத்தை எந்த உத்தியோக உயர்விலும் அடையவில்லை.

குற்றாலத்தில் சித்திர சபைக்கும் போனோம். சுவரில் தீட்டியிருந்த ராஜாக்களின் உடைக்கரைகளை, நிறத்தின் பெயர் ஓரத்தில் எழுதி எழுதி வரைந்தான். கல்லில் நிறம் தெரியாது, படத்தில் மடிப்பின் பின்பக்கம் தெரியாது, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று அத்தானுக்கு விளக்கினான். அத்தான், "எங்க டிப்பார்ட்மெண்டுல இருந்திருந்தா நீ நல்ல துப்பு எடுப்பே மருமவனே" என்றார்.

சீசனுக்காக ஒரு நாடகக் கம்பெனி தென்காசியில் கொட்டகை போட்டிருந்தது. அதற்கு டோப்பா கட்டுகிறவர் மாடசாமி என்று பெயர், என் வயது இருக்கும். கவிழ்த்த மண்கலயங்களின் மேல் வரிசையாக டோப்பாக்கள். முனிவர், மந்திரி, அசுரன், எல்லாரும் முகம் இல்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குமாரவேல் படத்தை நீட்டினான். அவர் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, ராஜான்னா வெல்வெட்டுச் சட்டை, தோள் வரைக்கும் சுருள் முடி. இது என்ன, குளிச்சிட்டு ஒதுக்கிக் கட்டின மாதிரி?"

"ராஜா இப்படித்தான் இருந்திருக்கார்."

"இருந்திருப்பாரு, யாரு இல்லைன்னா. அவரு அரமணைக்குள்ள இருந்தாரு. இங்கன கடைசி வரிசையில பீடி குடிச்சிக்கிட்டு இருக்கவனுக்கு அது ராஜான்னு தெரியணும்லா? சுருள் இல்லன்னா சோத்துக்கடைக்காரன்னு நெனைப்பான்."

"நீங்க சுருள் போட்டுப் போட்டுத்தான் அவங்களுக்கு இது தெரியாமப் போச்சு."

மாடசாமி என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, ஒங்க மவன் வக்கீலுக்குப் படிக்கானா?"

மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் படத்தைத் திருப்பிக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கேட்டதற்கு, முடி ஊறுகிறது என்றார். சவரி விற்கிற பெண்களிடம் நல்ல நீளமாகப் பார்த்து வாங்கினாராம். பத்தாம் நாள் குமாரவேலின் தலையில் வைத்து, இடப்பக்கம் ஒதுக்கி, மூன்று விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றி முடிச்சிட்டார். நான் பார்த்தேன். தூணிலிருந்து இறங்கி வந்து நின்றது போல இருந்தது. அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டார்.

நான் வெளியே வண்டிக்காரனைக் கூப்பிடப் போன நேரத்தில் மாடசாமி அவனிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். "யாரு யாரு தலையில இருந்த முடியோ தம்பி. நேந்துக்கிட்டுக் குடுத்ததும் இருக்கும், நோவுல எடுத்ததும் இருக்கும். மேடை ஏறுமுன்ன ஓடுற தண்ணியில மூணு தரம் கையில பிடிச்சு அலசிரு. பழைய தலையெல்லாம் போயிரும். குழாய்த் தண்ணி ஆவாது. தேங்கின தண்ணி ஆவவே ஆவாது." பினாங்கில் எங்களுக்கு ஓடுகிற தண்ணீர் ஏது? ஊரை விட்டுக் கிளம்புமுன் அலசிவிட வேண்டும் என்று அவன் முடிவு செய்துகொண்டான். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் சிரிப்பேன் என்று நினைத்தானாம்.

4

கதை நடந்த அன்று காலை, ஐந்தருவியில் குமாரவேல் குளித்ததும் அப்படியே தென்காசித் தாலூகா கச்சேரிக்குப் போவதாக ஏற்பாடு. பினாங்குப் பிறப்புச் சீட்டில் அவன் பெயர் ஒரு மாதிரி, கப்பல் சீட்டில் வேறு மாதிரி; திரும்பி ஏறும்போது தகராறு வரக்கூடாது என்று, இவன் என் மகன்தான் என ஒரு அதிகாரியின் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அதனால்தான் நான் குளிக்கவில்லை. கோட்டு, தொப்பி, கைக்கடிகாரம் எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

வண்டியில் வரும்போதே குமாரவேல் டோப்பாவைப் போட்டுக்கொண்டான். இலஞ்சிப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "ஏட்டி, ராசா வாராருட்டி!" என்று கையைத் தட்டினார்கள். அவன் எழுந்து நின்று கும்பிட்டான். விழுந்துவிடுவான் என்று நான் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவன் பிறந்த நாளிலிருந்து நான் எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அருவிக்குக் கீழே தண்ணீர் பாறை பாறையாக இறங்கி ஓரிடத்தில் ஆழமாகத் தேங்கும். கசம் என்போம். சின்ன வயதில் அதற்குள் நான் எத்தனையோ முறை தலைகுப்புறப் பாய்ந்திருக்கிறேன். நானும் அத்தானும் கசத்தின் ஓரத்துப் பாறையில் நின்றோம். குமாரவேல் தலையில் கொண்டையோடேயே மேல் பாறைகளுக்கு ஏறிப் போனான். "தூரமாப் போவாதே" என்றேன். கேட்டானோ என்னவோ.

சிறிது நேரம் கழித்து அத்தான் தண்ணீரைப் பார்த்தார். "மாப்ளே, கலங்குது பாத்தீரா? மேல நல்ல மழை. பயலைக் கூப்பிடும்."

கூப்பிட்டேன். அருவி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தண்ணீர் செம்மண் நிறமாகி, பாறையின் விளிம்பைத் தாண்டி வழிய ஆரம்பித்தது. இன்னொரு முறை கூப்பிட்டேன். அப்போது மேல் விளிம்பிலிருந்து கறுப்பாக ஒன்று சறுக்கி இறங்கிக் கசத்தில் விழுந்தது.

கொண்டை அவிழ்ந்து முடி விரிந்து கிடந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. ஒரு ஆள் குப்புறக் கிடந்தால் தண்ணீருக்கு மேல் எவ்வளவு தலை தெரியுமோ அவ்வளவு தெரிந்தது. அதற்குக் கீழே உடம்பு இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு இம்மியும் சந்தேகம் வரவில்லை. பிறகு உள்ளே இழுத்தது. பிறகு மறுபடி வந்தது.

இனி, கல்யாண வீட்டில் சொல்லாத பகுதி.

நான் தொப்பியைக் கழற்றினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். அதைத் தொப்பிக்குள் வைத்தேன். தொப்பியை நனையாத இடமாகப் பார்த்து வைத்தேன். பிறகு கோட்டின் மேல் பொத்தான். அடுத்தது. அடுத்தது. அலுவலகத்திலிருந்து வந்ததும் தினம் கழற்றுகிற அதே வரிசை, அதே நிதானம். வாயால் கத்திக்கொண்டிருந்தேன் என்று அத்தான் பிற்பாடு சொன்னார். எனக்கு நினைவில்லை. என் விரல்கள் மட்டும் நினைவிருக்கின்றன. அவை அவசரப்படவே இல்லை.

ஐந்தாவது பொத்தானில் இருந்தபோது என் பக்கத்தில் பாறை அதிர்ந்தது. அத்தான் சட்டையோடும் வேட்டியோடும் தொந்தியோடும் குதித்துவிட்டார். மூழ்கினார். வந்தார். மறுபடி மூழ்கினார். மூன்றாம் தரம் வந்தபோது ஒரு கையில் அந்த முடி இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்து, முகமெல்லாம் வெளிறி, அலறினார்:

"மாப்ளே! தலைதான் கெடச்சிருக்கு! ஆளைக் காணோம்!"

இதைச் சொல்லித்தான் நீங்கள் எல்லாரும் சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கச் சொல்லவில்லை. தலை தனியாக வந்துவிட்டது என்றே அந்த நிமிஷம் அவர் நம்பினார்.

அப்போது மேலிருந்து, "அப்பா!" என்று குரல் கேட்டது. நிமிர்ந்தேன். மேல் பாறையின் விளிம்பில், தன்னுடைய கிராப்புத் தலையோடு குமாரவேல் நின்றான்.

5

இறங்கி வந்தவனை அறைந்தேன். அதுவரை அவன் மேல் நான் கை நீட்டியதில்லை. "உனக்கு உயிரைவிட ஒரு மயிர் பெரிசாப் போச்சா?" என்றேன். அந்த வார்த்தையை அவன் அதுவரை என் வாயிலிருந்து கேட்டதில்லை. மூன்றாம் தரம் அலசும்போது வெள்ளம் பிடுங்கிக்கொண்டது, பிடிக்க ஓடி வந்தேன் என்று இங்கிலீஷில் சொன்னான். தமிழில் சொல்லு என்று மறுபடி கையை ஓங்கினேன். அத்தான் நடுவில் வந்து நின்றார். அவர் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"விடும்வே. பாண்டியன் தலையைக் கொய்தவன் நான். அவனை ஏன் அடிக்கீரு?"

அதிலிருந்து சிரிப்பு ஆரம்பித்தது. வண்டிக்காரன் சிரித்தான், வேடிக்கை பார்க்கக் கூடியவர்கள் சிரித்தார்கள். வீட்டில் அக்கா சிரித்தபடியே அழுதாள். நானும் சிரித்தேன். நீர் என்ன செய்துகொண்டிருந்தீர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லி முடித்திருப்பேன். பிற்பகலில் ஐந்து பொத்தானையும் போட்டுக்கொண்டு தாலூகா கச்சேரியில் நின்றேன். "மேற்படி குமாரவேல் இவருடைய குமாரன் என்பதை நான் அறிவேன்" என்று முன்பின் பார்த்திராத அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பினாங்குத் துறைமுகத்தில் சுகாதாரப் பரிசோதகர் பெட்டியைத் திறந்து டோப்பாவைப் பிரம்பால் தூக்கினார். மனித முடியா, மிருக முடியா என்று கேட்டார். மனித முடி என்றேன். அதற்கு வேறு தாள் பூர்த்தி செய்ய வேண்டும். உயிரோடு இருப்பவருடையதா, இறந்தவருடையதா? நோயாளியா? யாருடைய முடி?

"என் மகனுடையது" என்றேன்.

பரிசோதகர் என் பக்கத்தில் தலை நிறைய முடியோடு நின்ற குமாரவேலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உயிரோடு இருக்கிறாரா?" என்று மறுபடி கேட்டார். தினமும் நூறு கப்பல் தாள் எழுதுகிறவன் நான்; அந்தக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்தபடி நின்றேன். குமாரவேல்தான் முன்னால் வந்து, நாடகத்துக்கு உரியது, கடையில் வாங்கிய முடி என்று அழகான இங்கிலீஷில் விளக்கினான். மருந்துப் புகை போட்டு மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தார்கள்.

6

அதன் பிறகு ஒரு வருஷம். நான் அலுவலகத்துக்குப் போனேன், வந்தேன். அவன் பரீட்சை எழுதினான். வீட்டில் என்னோடு பேசும்போது முழுக்க இங்கிலீஷ். "எஸ் அப்பா", "நோ அப்பா" என்பதில் அப்பா மட்டும் தமிழ். மழை பெய்கிற நாட்களில் அவன் வீடு திரும்பத் தாமதமானால் நான் வாசலுக்கும் சாலைக்கும் நடப்பேன். தெருமுனைச் சீனக் கடைக்காரர் என்னைக் கண்டால் அவராகவே, "உன் பையன் அந்தப் பக்கம் போனான்" என்று கை காட்டுகிற அளவுக்கு. நான் ஏன் இப்படி என்று மனைவி கேட்கிறாள். அவளுக்கும் அத்தான் சொன்ன கதைதான் தெரியும்.

படத்தைப் பார்த்த ஞாயிறு முதல் சாப்பாட்டு மேஜையில் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. திங்கள் கேட்கலாம் என்று நினைத்தேன். செவ்வாய் கேட்கலாம் என்று நினைத்தேன். இரண்டு தடவை புத்தகத்தை எடுத்து, அதே பக்கத்தைப் பார்த்துவிட்டு வைத்தேன். இரண்டாம் தடவைதான் கவனித்தேன்: கோட்டின் ஒவ்வொரு மடிப்பையும் வரைந்தவன் அந்த ஆளுக்கு முகம் போடவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் காகிதம் தேய்ந்து மெலிந்திருந்தது.

இன்று காலை அவன் அம்மா சிறியவர்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். குமாரவேல் சீப்பும் டோப்பாவுமாக வந்து நின்றான்.

"அப்பா, கொண்டை முடிஞ்சு பாக்கணும். வைக்கறதுக்குக் கலயம் கிடைக்கலை. உங்க தலையைக் கொஞ்சம் தர்றீங்களா?"

நாற்காலியைச் சாளரத்தின் பக்கம் இழுத்து உட்கார்ந்தேன். அவன் எனக்குப் பின்னால் நின்று அதை என் தலையில் கவிழ்த்தான். மருந்துப் புகையின் வாடை இன்னும் லேசாக இருந்தது. சீப்பு இறங்கத் தொடங்கியது. அவன் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவனுக்குத் தெரியாது. அந்த வசதியில்தான் என்னால் கேட்க முடிந்தது.

"கச்சைப் படம் தேடினப்போ இன்னொரு படம் பார்த்தேன்."

சீப்பு நின்றது. "எது?"

"கோட்டுப் போட்ட ஆள்."

சீப்பு மறுபடி இறங்கியது.

"எவ்வளவு நேரம் அங்கே நின்னே?"

"நீங்க தொப்பியைக் கழட்டினதிலேருந்து." தமிழில் சொன்னான்.

"கூப்பிட்டிருக்கலாமே."

"முதல்ல மூச்சு வாங்கிச்சு, சத்தம் வரலை. அப்புறம்..." முடியை இடப்பக்கம் ஒதுக்கினான். "அப்புறம் சத்தம் வந்திருக்கும்பா. நான்தான் கூப்பிடலை. நீங்க குதிப்பீங்களான்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

சாலையில் ஒரு ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு போனது. அது முனை திரும்பிச் சத்தம் தேயும் வரை அவன் அதே இடத்தைச் சீவிக்கொண்டிருந்தான்.

"குதிச்சிருப்பேனா?" என்று கேட்டேன். அவனிடம் கேட்க வேண்டிய கேள்வியா அது? ஆனால் அங்கே என்னை முழுக்கப் பார்த்த ஆள் அவன் ஒருவன்தான்.

"தெரியலை. ஒரு பொத்தான் பாக்கி இருந்திச்சு. மாமா முந்திட்டாங்க."

நிச்சயம் குதித்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எனக்கும் தெரியாது. இதை வாசிக்கிற உங்களுக்கும் நான் வேறு சொல்லப் போவதில்லை.

"நீங்க அன்னிக்கு அடிச்சீங்கல்ல," என்றான். "ஆத்துல டோப்பாவை விட்டதுக்குன்னு எல்லாரும் நெனச்சாங்க. கூப்பிடாம நின்னதைப் பாத்துட்டுத்தான் அடிக்கறீங்கன்னு நான் நெனச்சேன். இந்த வருஷம் முழுக்க அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவன் மூன்று விரலால் முடியைச் சுழற்றினான். நெற்றித் தோல் இழுபட்டது.

"வலிக்குதா?"

"இல்லை." வலித்தது. "அந்த ஆளுக்கு ஏன் முகம் போடலை?"

"மூணு தடவை போட்டு அழிச்சேன்பா. கல்லு முகம்னா எனக்கு வருது. அது வரலை."

நான் திரும்ப முயன்றேன். அவன் என் காதுகளுக்கு மேலே இரண்டு கையையும் வைத்துத் தலையை நேராக்கினான்.

"திரும்பாதீங்க, கோணிப் போயிரும்."

திரும்பவில்லை. முடிச்சு முடிந்து அவன் கையை எடுக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். எடுத்த பிறகும் கொஞ்ச நேரம்.